ஒரு அறை, இரண்டு ஷிஃப்ட்

எங்கள் ஊர்க்காரர்கள் பெங்களூரில் ராத்தங்குகிறார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் ஓசூர், அத்திப்பள்ளி, அப்புறம் டிராஃபிக், அப்புறம் பெங்களூர். போன வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்பி வந்து, வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, வீட்டுப் பாயில் படுக்கலாம். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊரில் போய் ஓட்டலில் தூங்குகிறவர்களை எங்கள் பக்கம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை காலை நானும் என் வீட்டுக்காரரும் பையும் கையுமாகப் படியிறங்கியபோது, கீழ்வீட்டு அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"யாருக்கும்மா முடியல? பெரிய ஆஸ்பத்திரியா?"

"யாருக்கும் ஒன்னும் இல்லக்கா. சும்மா ரெண்டு நாள் தங்கிட்டு வரப் போறோம்."

"சும்மாவா?" அக்கா என்னையும் அவரையும் மேலும் கீழும் பார்த்தார். "மறைக்காத. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பாக்கெட் ரொட்டி எடுத்து வந்து என் பைக்குள் திணித்தார். நோயாளிக்காம். நானும் வாங்கிக்கொண்டேன். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

இந்த வம்பு எல்லாம் எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். பெண்ணால் வந்தது. ஓசூரில் கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதில் எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. ஒயரைப் பார்ப்பேன், குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடுவேன். வேலையைச் சுலபமாக்க நல்ல யோசனை சொல்பவர்களுக்குக் கம்பெனியில் வருஷா வருஷம் பரிசு உண்டு. பரிசு என்றால் ஹாட்பாக்ஸ். எங்கள் வீட்டுப் பரண் மேல் ஹாட்பாக்ஸ்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கின்றன. இந்த வருஷம் ட்ரேயைத் திருப்பி வைத்தால் கை வலிக்காது என்று சொன்னேன். அவ்வளவுதான், அதுவும் ஒரு யோசனை ஆகிவிட்டது. புதிதாக வந்திருந்த ஹெச்.ஆர். பெண், "பொருள் எதுக்கு அக்கா, எக்ஸ்பீரியன்ஸ் குடுக்கணும்" என்று சொல்லி, பெங்களூரில் ஏதோ வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஓட்டலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு ராத்திரி தங்குவதற்கு ஒரு கூப்பனைக் கொடுத்துவிட்டாள். கூப்பனை அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிக்ஸியா மாத்திக்க முடியாதா?" என்று கேட்டார்.

அதே பெண்தான் இன்னொன்றையும் என் தலையில் கட்டினாள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இன்ஸ்பெக்ஷன் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போனால் சாயந்தரம் வீடு. "திங்கட்கிழமை காலைல சொல்லிடுங்கக்கா. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க." வேறு யாராக இருந்தாலும் அப்போதே சரி என்று குதித்திருப்பார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கல்யாண வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், அது ரொம்பச் சின்னது.

அவருக்குப் போச்சம்பள்ளி சிப்காட்டில் மெஷின் வேலை. அங்கேயும் ஷிஃப்ட், எனக்கும் ஷிஃப்ட். பாப்பா பிறந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் வீட்டில் மாடுகளை விட்டு வர முடியாது என்றார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் பிள்ளைகளை விட்டு வர முடியாது என்றார்கள். போங்கடா நீங்களும் உங்கள் உதவியும் என்று நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் ராத்திரி வேலைக்குப் போனால் நான் பகலில் போவேன். நான் ராத்திரி போனால் அவர் பகலில். சூப்பர்வைசர்கள் கையில் காலில் விழுந்து, ஷிஃப்ட்டைத் திருகித் திருகி, வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். ஒருவர் இறங்கும் நேரத்தில் மற்றவர் ஏற நிற்பார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பாப்பா கீழ்வீட்டு அக்காவிடம்.

நடுவில் கிடைப்பது அஞ்சு நிமிஷம். அதில் சாவி கைமாறும். "பால் காய்ச்சியாச்சு. பாப்பாவுக்கு இருமல், மருந்து குடுத்துட்டேன். மோட்டார் போடணும்." லைனில் மெஷினை அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒப்படைக்கும்போது இப்படித்தான் சொல்லுவோம், அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் அடிப்பான். அவர் சிரிப்பார், நான் சிரிப்பேன், கையாட்டுவோம். சொன்னால் நம்புங்கள், அந்த அஞ்சு நிமிஷமும் சிரித்தபடியேதான் நிற்போம். எங்கள் தெருவிலேயே சண்டை போடாத ஜோடி என்று எங்களுக்குப் பெயர். சண்டை போட நேரம் ஏது?

இப்போது பாப்பா வளர்ந்து, ப்ளஸ் டூ முடித்து, கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். எந்தக் காரணத்துக்காக ஆள் மாற்றி ஆள் வீட்டில் இருந்தோமோ அந்தக் காரணம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் ஷிஃப்ட் மட்டும் பழையபடியே ஓடியது. அவருக்குக் காலை, மத்தியானம், ராத்திரி என்று வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். நான் ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாறினால் மூன்று வாரத்தில் இரண்டு வாரமாவது நாங்கள் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒருத்தர் கண்ணெதிரே ஒருத்தர் இருப்போம். அது அவருக்கு வேண்டுமா? பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "உன் இஷ்டம்," என்றார். அடுத்த நாளும் கேட்டேன். "உன் இஷ்டந்தாம்மா," என்றார்.

உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை அது. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதானே? வேண்டாம் என்றால் அதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் வீட்டில் இல்லாதது இந்த மனுஷனுக்குப் பழகிவிட்டதா, இல்லை பிடித்தே போய்விட்டதா என்று எனக்குள் ஒரு சந்தேகம் புழு மாதிரி நெளிந்தது. திங்கட்கிழமைக்கு முன்னால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும். மிக்ஸியாக மாறாத அந்தக் கூப்பனுக்கு நான் சம்மதித்ததே அதற்காகத்தான். பஸ் வராத ஓர் இடத்தில் அவரை உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டும்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண்சிவந்து வந்தவரை அப்படியே குளிக்க வைத்துக் கூட்டிப் போனேன். சாந்தி நகரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஓட்டல் வாசலில் இறங்கியதும் செக்யூரிட்டி எங்கள் கட்டைப் பையைப் பார்த்துவிட்டு, "கேட்டரிங் ஆளுங்க பின்பக்கம்," என்று கன்னடத்தில் கையைக் காட்டினார். நான் கன்னடத்தில் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. எங்கள் பக்கத்தில் திட்டுவதற்கு மூன்று பாஷை உண்டு. எது முதலில் வாய்க்கு வருகிறதோ அது.

பங்களா என்னவோ அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவப்புத் தரை, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. ஜன்னல்களுக்கு மேலே மரத்தில் பல்லுப் பல்லாக வெட்டிய தொப்பி. ஹால் சுவரில் மீசை வைத்த செத்துப்போன துரைகள் வரிசையாக எங்களை முறைத்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு காட்டெருமைத் தலை. அந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் நல்ல முகம் அதற்குத்தான் இருந்தது. கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டில் மேனேஜர் வந்து கைகூப்பினார். பெங்களூர்த் தமிழ்.

"மேடம், நம்ம ஹோட்டல்ல லிஃப்ட் இல்ல, டிவி இல்ல, ரூம் நம்பர் இல்ல. எல்லாம் ஓல்டு கேரக்டர் மேடம்."

இல்லாததை எல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாடியில் எங்கள் அறை. கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்தேன், அது கையோடு வந்துவிட்டது. மேனேஜர் அலட்டிக்கொள்ளாமல் வாங்கி மறுபடி சொருகினார். உள்ளே போனால் ஜன்னல் கொக்கி பாதிவரைக்கும்தான் எட்டுகிறது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. குளியலறைக் குழாயை மூட இடது பக்கம் திருக வேண்டும். குளிக்கிற தொட்டிக்குச் சிங்கத்தின் கால்கள், அதில் ஒரு காலுக்கு நகம் இல்லை. பூட்டைப் பார்த்தேன். பித்தளையில் பூதாகரமான பூட்டு. ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும்.

"இதெல்லாம் கேரக்டர் மேடம்," என்றார் மேனேஜர்.

"எங்க லைன்ல இதுக்கு ரிஜெக்ஷன்னு பேரு," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கட்டில் நான்கு தூண்களோடு ஒரு மண்டபம்போல நின்றது, ஏறுவதற்குக் கீழே ஒரு முக்காலி. என் வீட்டுக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்து, "இதுல எருமையக் குளிப்பாட்டலாம்," என்றார். பிறகு முக்காலியில் ஏறிக் கட்டிலில் சாய்ந்தார். நான் பையை வைத்துவிட்டு, "ஏங்க, அந்த ஜெனரல் ஷிஃப்ட் விஷயம்" என்று திரும்புவதற்குள் குறட்டை. ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பேசுவதற்காக ஒரு மனுஷி இத்தனை தூரம் கூட்டி வந்திருக்கிறாள், இவர் வந்ததும் வராததுமாக ஏதோ சத்திரத்தில் இடம் கிடைத்தவர்போல நீட்டிப் படுத்துவிட்டாரே! நான் அலமாரியைத் திறந்து டமாரென்று மூடினேன். நொண்டி நாற்காலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தேன். மேஜைமேல் இருந்த பித்தளைச் செம்பைத் தற்செயலாக, அதாவது வேண்டுமென்றே, தரையில் தட்டிவிட்டேன். வாய்விட்டே திட்டினேன். கும்பகர்ணனுக்காவது சத்தம் கேட்டிருக்கும். இவர் சாயந்தரம் வரை அசையவில்லை.

சாயந்தரம் கீழே டீ என்று வந்து சொன்னார்கள். அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். "நீ போய்ட்டு வா. நான் இருக்கேன்," என்றார். கவனியுங்கள், எனக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை. ஆள் இல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் போன பழக்கமே எங்களுக்குக் கிடையாது. அதுவும் அந்தப் பூட்டை நம்பி எப்படிப் போவது? நான் தனியாகக் கீழே போனேன். தோட்டத்தில் இரண்டு பேருக்கு மேஜை போட்டிருந்தார்கள். "சார்?" என்று வெயிட்டர் கேட்டார். "மேல இருக்காரு," என்றேன். மூன்று அடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகள் வந்தன. ஓரம் எல்லாம் வெட்டிவிட்டார்கள். அந்த ஓரத்தை யார் தின்பார்கள் என்று தெரியவில்லை.

தின்றுவிட்டு மேலே ஏறினால், அவர் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தார். மாடிப்படியின் நடுத் திருப்பத்தில் நின்றோம்.

"ஃபேன் ரெண்டுல இருக்கு. ஜன்னலச் சாத்திட்டேன், கொசு வருது," என்றார்.

"கீழ ரொட்டிதான். சின்னச் சின்னதா இருக்கும், கூச்சப்படாம நிறையக் கேளுங்க," என்றேன்.

சாவி கைமாறியது. அவர் சிரித்தார், நான் சிரித்தேன். அவர் இறங்கும்போது கையைக்கூட ஆட்டினேன். தட்டோடு வந்த வெயிட்டர் ஓரமாக ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாடும் அப்படியேதான் நடந்தது. முதலில் அவர், பிறகு நான். படித் திருப்பத்தில் சாவி.

காலையில் கண் விழித்தபோது நாங்கள் இருவரும் அந்த மண்டபக் கட்டிலின் இடது ஓரத்தில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டு கிடந்தோம். நான் விழாமல் இருக்கத் தூணைக் கட்டிப் பிடித்திருந்தேன். வலது பக்கம் ஒரு யானை படுக்கலாம், இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது. வீட்டுக் கட்டிலில் ஃபேன் காற்று வருவது இடது பக்கம். நான் தூங்கும்போது நான் அங்கே படுப்பேன், அவர் தூங்கும்போது அவர். எங்களில் யாருக்கும் வலது பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது என்னவோபோல இருந்தது.

காலை டிபனும் ஆள் மாற்றி ஆள்தான்.

அதற்குப் பிறகு ஓட்டல்காரர்கள் ஒரு தினுசாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அறையைக் கூட்ட வந்த பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். போய்ப் பார்த்தால் கட்டில்மேல் இரண்டு துண்டுகளை அன்னப்பறவைகளாக மடித்து, மூக்கோடு மூக்கு உரச வைத்து, சுற்றிலும் ரோஜா இதழ் தூவியிருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்தார். பிறகு இதழ்களை எல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு மூலையில் குவித்தார். கம்பெனியில் சுத்தம் சுத்தம் என்று பழக்கிவிட்டார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மத்தியானம் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் மெதுவாக வந்து எதிரில் நின்றார். கோட்டுப் பட்டனைத் தடவினார்.

"மேடம், தப்பா நெனைக்கக் கூடாது. நானும் நிறைய ஜோடிங்களப் பாத்திருக்கேன். சார் கோவமா இருந்தா, நீங்க சொல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போங்க."

"என்னது?"

"நேத்து டீ தனித்தனி, டின்னர் தனித்தனி. இன்னைக்கு டிபனும் தனித்தனி. படிக்கட்டுல ரெண்டே வார்த்தை, அதோட பிரிஞ்சு போயிடறீங்க. எங்க ஸ்டாஃப் எல்லாம் ரொம்பக் கவலைல இருக்காங்க மேடம். எனக்கும் கல்யாணம் ஆகியிருக்கு, புரியும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "அட, எங்களுக்குள்ள சண்டையே இல்லங்க," என்றேன். அவர் நம்பவில்லை. சண்டையில் இருக்கிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள்போல. "இன்னைக்கு சாயந்தரம் கார்டன்ல ஸ்பெஷல் டேபிள். ஹோட்டல் உபசாரம். ரெண்டு பேரும் கட்டாயம் ஒன்னா வரணும்," என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டோம்? கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். அங்கேயும் அவர் ஆம்பிளைகளோடு, நான் பொம்பிளைகளோடு. இரண்டு நாள் பார்த்த ஓட்டல்காரனுக்குக் கண்ணில் பட்டது எனக்கு இத்தனை வருஷமாகப் படவில்லை. எனக்கு அழுகை வந்தது. எழுந்து ஹாலுக்குள் வந்தால் ஒரு துரை படத்திலிருந்து முறைத்தான். என்னடா முறைப்பு என்று அவனையும் திட்டிவிட்டு மேலே போனேன்.

"நாம சண்டை போட்டிருக்கோமாம்," என்றேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "யாரு சொன்னா? எப்ப?"

"அதான் எனக்கும் தெரியல. சாயந்தரம் ரெண்டு பேரும் ஒன்னா வந்து சாப்பிடணுமாம்."

"அப்ப ரூம்ல யாரு இருக்கிறது?"

"காட்டெருமை பாத்துக்கும். வாங்க."

பொழுது சாயும் நேரத்துக்குத் தோட்டத்தில் மேஜையைச் சோடித்து வைத்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை, அதற்குள் மெழுகுவத்தி. தட்டு பெரிசு, அதில் இருந்த சாப்பாடு சின்னது. நாங்கள் உட்கார்ந்ததும் வயலினோடு ஒரு பெரியவர் வந்து என் காதுக்குப் பக்கத்தில் நின்று உருக ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்து, "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார். பெரியவருக்கு ஒரு சுரம் தப்பியது. பூந்தொட்டிகளுக்குப் பின்னால் மேனேஜரும் இரண்டு வெயிட்டர்களும் ஒளிந்து நின்று பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

"காலைல சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

அவர் ஒரு பீன்ஸைக் முள் கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம்மா."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"என் இஷ்டம் இருக்கட்டும், உங்க இஷ்டம் என்ன? நான் வீட்ல இருந்தா உங்களுக்கு இடைஞ்சலா? ஆமான்னா ஆமான்னு சொல்லித் தொலைங்க, நான் பாட்டுக்கு என் ஷிஃப்ட்டப் பாத்துட்டுப் போறேன். பஸ் ஸ்டாப்புல நின்னு பல்லக் காட்டிட்டுப் போறதுக்கா கல்யாணம் பண்ணோம்? வாயத் தொறங்க!"

வயலின் நின்றது. பக்கத்து மேஜை வெள்ளைக்கார அம்மா தண்ணீர்த் தம்ளரை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தார். தொட்டிக்குப் பின்னால் மேனேஜர் தலையில் கை வைத்தார். என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு நிமிஷம்னா நான் நல்லவனா இருந்துக்குவேன்மா," என்றார்.

"என்ன?"

"பஸ் ஸ்டாப்புல. அஞ்சு நிமிஷம் சிரிச்சுக்கிட்டே நின்னுடலாம். சாயந்தரம் பூரா உன் கண்ணு முன்னால இருந்தா நான் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சு போயிடும்ல."

"எப்படிப்பட்டவரு? கொலை கிலை பண்ணிருக்கீங்களா?"

"வீட்டுக்குள்ள போகப் பயப்படறவன்."

எனக்குப் புரியவில்லை. அவர் மெழுகுவத்தியிலிருந்து வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டியபடி சொன்னார்.

"பாப்பா போனதுல இருந்து என்னால முடியல. நீ சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிடுவ. நான் வீடு வரைக்கும் போவேன். கதவத் தொறந்தா உள்ள ஒரு சத்தம் இருக்காது. அப்படியே மூடிட்டுத் திரும்பிடுவேன். டீக்கடைல உக்காருவேன். வெயில் ஏறுச்சுன்னா மேம்பாலத்துக்கு அடியில போய்ப் படுத்துக்குவேன். உன் பஸ் வர்றதுக்கு முன்னால வீட்டுக்குப் போயி, நீ வெச்ச சோத்த நாய்க்குப் போட்டுட்டு, தட்டக் கழுவிக் கவுத்து வெச்சிடுவேன். சாப்ட்டுட்டு தூங்கி எந்திரிச்சாருன்னு நீ நெனைச்சுக்குவ."

கழுவிக் கவிழ்த்த அந்தத் தட்டைப் பார்த்து நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்! எந்த வீட்டு ஆம்பிளை சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறான் என்று லைனில் எல்லாப் பெண்களிடமும் சொல்லியிருக்கிறேன். ராத்திரி முழுக்க மெஷினோடு நின்றுவிட்டு வந்த மனுஷன் லாரிப் புகையில் தரையில் கிடந்திருக்கிறார். அது தெரியாமல் நான் சிரித்துக் கையாட்டிவிட்டு ஏ.சி. பஸ்ஸில் போயிருக்கிறேன்.

"ஏங்க சொல்லல?" குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆம்பள, இதப் போயி எப்படிச் சொல்றது? நீ ஐயோ பாவம்னு வேலைய மாத்திக்கிட்டு வந்தா அது நல்லாவா இருக்கும்? அதான் உன் இஷ்டம்னேன்." சுரண்டிய மெழுகை உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நேத்து வந்ததும் தூங்கிட்டேன்ல? நீ அலமாரியத் தொறந்து மூடற. நாற்காலிய இழுக்கற. என்னத் திட்டிக்கிட்டே நடக்கற. அரைத் தூக்கத்துல எல்லாம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துலதான் நல்ல தூக்கமே வந்துச்சு. அப்படித் தூங்கி எத்தன மாசமாச்சு."

எழுப்புவதற்காக நான் செம்பைத் தட்டிவிட்டேன். அதைக் கேட்டு இவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கோபம்தான் முதலில் வாயைத் திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசிய வாயால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அப்படிப் பேசினேன்.

"யோவ், இதச் சொல்றதுக்கு என்னய்யா கேடு உனக்கு? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? பாலத்துக்கு அடியில போய்ப் படுத்தியா? இப்பச் சொல்லு, நான் வரட்டுமா வேணாமா? இன்னொரு தடவ இஷ்டம்னு வாயில வந்துச்சு, இந்த மெழுகுவத்தியாலயே சூடு வெச்சிடுவேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்துவிட்டது.

"வந்துடும்மா," என்றார்.

நான் அங்கேயே போனை எடுத்து ஹெச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஏதோ ஓர் இரைச்சலுக்கு நடுவில் அவள் எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா, ஹோட்டல் எப்படி இருக்கு? எக்ஸ்பீரியன்ஸ் சூப்பரா?"

"அத அப்புறம் சொல்றேன். ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு என் பேரப் போட்டுக்க."

"நாளைக்கு வந்து சொன்னா போதும்க்கா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"இங்க ஒருத்தர் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. அவர் காதுல விழணும்," என்றேன். "நான் சாயந்தரமானா வீட்டுக்கு வந்துடறேன்."